நிற்கத் தெரிந்த இயந்திரம்

ஒரு இயந்திரம் கெட்டுப்போய் நிற்பது பெரிய பிரச்சினையே இல்லை. கெடாமல் நிற்பதுதான் தலைவலி. மோட்டார் எரியவில்லை, ஃபியூஸ் போகவில்லை, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவில் சிவப்பு எழுத்து எதுவும் இல்லை. ‘ஆட்டோ’ என்ற பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருக்கிறது. திரையைப் பார்த்தால் ‘தயார்’ என்கிறது. ஆனால் ஒன்றும் நகரவில்லை. ஆபரேட்டர் ஸ்டார்ட்டை அழுத்துகிறார், மறுபடியும் அழுத்துகிறார், கொஞ்சம் ஓங்கி அழுத்துகிறார். அப்புறம் மெயின்டனன்ஸுக்கு ஆள் போகிறது.

கட்டுப்பாட்டுப் பேனல்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. தொழில்துறைத் தானியக்கம் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் புதிதாக வருவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு பிஎல்சி புரொகிராம் எழுதிவிடுமா, கட்டுப்பாடெல்லாம் சர்வருக்குப் போய்விடுமா, லேடர் இன்னும் எத்தனை நாளைக்கு? (பிஎல்சி என்பது இயந்திரத்தை ஓட்டும் சின்னத் தொழிற்சாலைக் கணினி; லேடர், ஏணிப் படம் போல வரைந்து அதற்குப் புரொகிராம் எழுதும் முறை.) சொல்கிறேன். அதற்கு முன்னால் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு நல்லதா என்பதை அது ஓடும்போது பார்த்து முடிவு செய்ய முடியாது. ஓடும்போது எல்லா இயந்திரமும் நல்ல இயந்திரம்தான். நின்ற பிறகு, அந்தப் புரொகிராமை எழுதாத ஒருவர், இரவு ஷிஃப்டில், லேப்டாப்பைத் திறக்காமலே, அது எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடிகிறதா? முடிந்தால் நல்ல வேலை. முடியாவிட்டால் உள்ளே என்ன புதுமை இருந்தும் எனக்கு மதிப்பில்லை.

ஒரு சின்ன நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பாகத்தை வைக்கிறார்கள். காற்றழுத்த சிலிண்டர் ஒன்று அதை இறுக்கிப் பிடிக்கிறது. டிரில் இறங்கித் துளை போடுகிறது. சிலிண்டரின் உடம்பில் இரண்டு ரீட் சுவிட்ச் (உள்ளே இருக்கும் காந்தம் நெருங்கினால் சிக்னல் தரும் சென்சார்), திறந்த நிலைக்கு ஒன்று, மூடிய நிலைக்கு ஒன்று. புரொகிராம் படிப்படியாக எழுதப்பட்டிருக்கிறது. படி 30இல், காற்றைத் திறந்துவிடும் சோலினாய்டு வால்வுக்கு 24 வோல்ட் கொடு, ‘மூடியது’ சென்சார் வந்ததும் படி 40க்குப் போ, டிரில்லை இறக்கு. அவ்வளவுதான்.

இப்போது அதிர்வில் அந்த ரீட் சுவிட்சின் பிடி தளர்ந்து இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது. சிலிண்டர் முழுதாக மூடுகிறது. பாகம் இறுகப் பிடிபட்டிருக்கிறது. கண்ணுக்கு எல்லாம் சரி. சென்சார் மட்டும் வரவில்லை. புரொகிராமைக் கேட்டால் அதில் தவறே இல்லை; சொன்னபடி படி 30இல் காத்திருக்கிறது. விடியும்வரை காத்திருக்கும்.

இதற்கு மருந்து ஒரு டைமர். சிலிண்டர் மூட வழக்கமாக அரை வினாடி ஆகிறதென்றால், இரண்டு வினாடி கொடுத்துப் பார், வராவிட்டால் சொல். எப்படிச் சொல்வது என்பதில்தான் எழுதுபவரின் அக்கறை தெரியும். ‘பழுது 117’ என்று போட்டால் யாரோ ஒருவர் கையேட்டைத் தேடிப் போக வேண்டும். அந்தக் கையேடு அநேகமாக வாங்கும் பிரிவின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். ‘படி 30: கிளாம்ப் மூடவில்லை, சென்சார் பி12, உள்ளீடு 1.4, பெட்டி 3’ என்று போட்டால், பேனலைத் திறக்காமலே அவர் நேராக பி12 முன்னால் போய் நிற்பார். சென்சாரில் எல்இடி எரிகிறதா? எரியவில்லையென்றால் சென்சாரை நகர்த்திப் பார்க்க வேண்டும். அங்கே எரிந்து, பிஎல்சியின் உள்ளீட்டு அட்டையில் எரியவில்லையென்றால் நடுவே ஒயர் போய்விட்டது. அசையும் கேபிள் சங்கிலிக்குள் முதலில் பாருங்கள். இரண்டு இடத்திலும் எரிந்தும் படி நகரவில்லையென்றால்தான் புரொகிராமைச் சந்தேகிக்க வேண்டும். மூன்று இடம், இரண்டு நிமிடம்.

இதோடு இன்னும் இரண்டு வரி சேர்த்தால் நல்லது. திறந்த சென்சாரும் மூடிய சென்சாரும் ஒரே நேரத்தில் வந்தால் அது நடக்க முடியாத நிலை. உடனே சொல்ல வேண்டும். அதேபோல், சுழற்சி தொடங்கும்போது ‘மூடியது’ சென்சார் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் அது ஒட்டிக்கொண்ட சென்சார், அல்லது யாரோ போட்ட ஜம்பர், அதாவது சென்சாரை ஏமாற்றும் குறுக்கு ஒயர். இந்தச் சோதனை இல்லாத இயந்திரத்தில் பாகம் பிடிபடாமலே டிரில் இறங்கும்.

ஜம்பரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ‘தற்காலிகமாக’ என்று சொல்லி சென்சாரின் இரண்டு ஒயரை முறுக்கிவிட்டுப் போவதும், லேப்டாப்பில் அந்த உள்ளீட்டை ஃபோர்ஸ் செய்துவிட்டு, அதாவது சென்சார் என்ன சொன்னாலும் ‘வந்தது’ என்று பிடித்து வைத்துவிட்டு, மறந்துபோவதும் எல்லா ஆலையிலும் நடப்பதுதான். செய்பவரைத் திட்டிப் பயனில்லை. உற்பத்தி மேலாளர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்க, எதற்காக நிற்கிறதென்று சொல்லாத இயந்திரத்தை வேறு எப்படித்தான் ஓட்டுவது? நான் எழுதும் எல்லாத் திரையிலும் மேல் ஓரத்தில் ஒரு மஞ்சள் பட்டை உண்டு: ‘ஃபோர்ஸ் இயக்கத்தில் உள்ளது’. பெரும்பாலான பிஎல்சிகளில் இதைத் தெரிந்துகொள்ள சிஸ்டம் பிட் ஒன்று இருக்கும். தேடி எடுத்துப் போட்டுவிடுங்கள். அந்தப் பட்டை அழகாக இல்லை என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இதெல்லாம் புதிய ஞானம் ஒன்றுமில்லை. பிஎல்சி பிறந்ததே இதற்காகத்தான். 1968இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமாட்டிக் பிரிவு, சுவர் நீளத்துக்கு நின்ற ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பேனல்களுக்கு மாற்று கேட்டது. மாடல் மாறும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான ஒயரைப் பிரித்து மறுபடி இழுக்க வேண்டியிருந்தது. ஒரு ரிலே ஒட்டிக்கொண்டால் எது என்று தேடுவதற்குள் ஷிஃப்ட் முடிந்துவிடும். டிக் மோர்லியும் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸில் இருந்த அவருடைய கூட்டாளிகளும் செய்து கொடுத்தது மோடிகான் 084. அது அவர்களுடைய 84ஆவது திட்டம், அதனால் அந்தப் பெயர். அந்தக் காலத்திலேயே கணினிகளுக்கு வேறு மொழிகள் இருந்தன. இருந்தும் அவர்கள் லேடரை வைத்தார்கள், ஏனென்றால் ஆலையில் இருந்த எலக்ட்ரீஷியன்களுக்கு ரிலே வரைபடம் படிக்கத் தெரியும். புதுச் சாதனம், பழைய கண்ணுக்குப் பழகிய படம். திரையில் எந்தக் கோடு வரை மின்சாரம் வந்து நிற்கிறது என்று பார்த்தாலே போதும்.

அதனால்தான் லேடர் செத்துவிட்டதா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்கிறேன். லேடர் மீது எனக்குத் தனிப் பாசம் ஒன்றும் கிடையாது. 1993இல் வந்த ஐஇசி 61131-3 என்ற சர்வதேசத் தரநிலை பிஎல்சிக்கு ஐந்து மொழிகளைச் சொன்னது. அதில் அசெம்பிளி போல இருந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் லிஸ்ட்டை 2013 பதிப்பிலேயே ஓரங்கட்டி, 2025இல் வந்த நான்காம் பதிப்பில் எடுத்தே விட்டார்கள். யாரும் அழுததாகத் தெரியவில்லை. வரி வரியாக எழுத்தில் எழுதும் ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் வளர்ந்துகொண்டே வருகிறது, வளரத்தான் வேண்டும். கணக்கு, வரிசைத் தரவு, ரெசிபி, சரங்களைப் பிரிப்பது இதையெல்லாம் லேடரில் எழுதுவது தண்டனை. ஆனால் இன்டர்லாக்குகளை, அதாவது ‘இந்த மோட்டார் ஓட இந்த ஏழு நிபந்தனையும் வேண்டும்’ என்பதை, லேடரிலோ, கட்டங்களைக் கோடுகளால் இணைத்து வரையும் ஃபங்ஷன் பிளாக்கிலோ வைத்துவிடுங்கள். எந்த நிபந்தனை விழுந்திருக்கிறது என்று, ஓடும் புரொகிராமை நேரலையில் பார்க்கும்போது ஒரே பார்வையில் தெரியும். அதையே ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் மூன்று அடுக்கு இஃப்-எல்ஸுக்குள் ஒளித்து வைத்தவர்கள் நல்ல நிரலாளர்களாக இருக்கலாம். பேனல் முன்னால் நின்று பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

இதே கதைதான் அனலாக் பக்கத்திலும், அதாவது மட்டம், அழுத்தம் போன்ற அளவுகளை மின்னோட்டமாக அனுப்பும் சென்சார்களிலும். 4-20 மில்லி ஆம்பியர் என்ற பழைய ஏற்பாட்டை இன்னும் யாரும் அசைக்க முடியாததற்குக் காரணம் அந்த 4. பூஜ்ய அளவுக்குப் பூஜ்ய மின்னோட்டம் என்று வைத்திருந்தால், தொட்டி காலியா, ஒயர் அறுந்ததா என்று தெரியாது. காலித் தொட்டிக்கு 4, நிறைந்த தொட்டிக்கு 20, அறுந்தால் 0. நாமூர் என்ற அமைப்பின் என்ஈ 43 பரிந்துரை இதை இன்னும் துல்லியமாக்கியது: 3.8 முதல் 20.5 வரை அளவு, 3.6க்குக் கீழேயோ 21க்கு மேலேயோ போனால் பழுது.

இவ்வளவு அக்கறையோடு செய்து வைத்த ஏற்பாட்டைப் புரொகிராமில் எப்படிக் கெடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஒயர் அறுந்து 0 மில்லி ஆம்பியர் வந்தால், நேர்கோட்டுக் கணக்குப்படி தொட்டி மட்டம் மைனஸ் 25 விழுக்காடு என்று வரும். திரையில் மைனஸ் மட்டம் தெரிந்தால் அசிங்கமாக இருக்கிறதே என்று யாரோ ஒரு வரி சேர்க்கிறார்: பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று காட்டு. முடிந்தது கதை. இப்போது அறுந்த ஒயர், காலித் தொட்டி ஆகிவிட்டது. தொட்டி காலி என்று நினைத்து பம்ப் ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் மேலே வழிகிறது, திரை மட்டும் சமர்த்தாக 0 என்று காட்டுகிறது. அளவைக் கட்டுக்குள் வைக்கலாம், தப்பில்லை. அதற்கு முன்னால் மூல அளவைப் பார்த்து 3.6க்குக் கீழே இரண்டு வினாடி நின்றால் பழுது என்று அறிவித்து, பம்ப்பைப் பாதுகாப்பான பக்கத்துக்குத் தள்ள வேண்டும். எது பாதுகாப்பான பக்கம் என்பது ஒவ்வொரு இடத்துக்கும் மாறும். நிரப்பும் பம்ப் நிற்க வேண்டும். குளிர்விக்கும் பம்ப் ஓட வேண்டும். அதை செயல்முறை தெரிந்தவரிடம் கேட்டு எழுதுங்கள், ஊகித்து எழுதாதீர்கள்.

ஸ்டாப் பொத்தானுக்குள்ளும் இதே யோசனைதான் இருக்கிறது. அழுத்தாதபோது ஸ்டார்ட்டுக்குத் திறந்த தொடர்பு, ஸ்டாப்புக்கு மின்சாரம் ஓடும் மூடிய தொடர்பு. ஸ்டாப் ஒயர் எலி கடித்து அறுந்தாலும், டெர்மினலில் ஸ்குரூ தளர்ந்தாலும் இயந்திரம் நிற்கும். மாற்றிப் போட்டிருந்தால், ஒயர் அறுந்தது யாருக்கும் தெரியாது. ஒருநாள் யாரோ அவசரத்தில் அழுத்தும்போதுதான் தெரியும். அவசர நிறுத்தத்தை விடுவித்து ரீசெட் செய்தவுடன் இயந்திரம் தானாகப் புறப்படக் கூடாது என்பதும் ஐஇசி 60204-1 சொல்லும் அடிப்படை. ரீசெட் என்றால் ‘இனி ஸ்டார்ட் அழுத்த அனுமதி உண்டு’ என்று மட்டும்தான் பொருள்.

பாதுகாப்பில் ஆட்கள் கவனிக்காமல் விடும் ஒன்று, நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம். கை குறுக்கிட்டால் இயந்திரத்தை நிறுத்தும் ஒளித்திரையான லைட் கர்ட்டனை, ஆபத்தான இடத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பொருத்துவது என்பதற்கு ஐஎஸ்ஓ 13855இல் கணக்கு இருக்கிறது. கை நகரும் வேகம் வினாடிக்கு 2000 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். கர்ட்டன், பாதுகாப்பு ரிலே, வால்வு, பிரேக் எல்லாம் சேர்த்து இயந்திரம் நிற்க 0.2 வினாடி ஆகிறதென்றால், 400 மில்லிமீட்டர். விரல் அளவைக் கண்டுபிடிக்கும் 14 மில்லிமீட்டர் கர்ட்டன் என்றால் அதோடு கூட்ட எதுவும் இல்லை. சரி, 400இல் பொருத்தியாகிவிட்டது, சான்றிதழும் வந்துவிட்டது. நாலு வருடத்தில் பிரேக் தேய்ந்து நிற்கும் நேரம் 0.25 வினாடி ஆகிறது. இப்போது தேவை 500 மில்லிமீட்டர். கர்ட்டன் இருப்பதோ 400இல். கர்ட்டன் வேலை செய்கிறது, ரிலே வேலை செய்கிறது, சோதனைக் குச்சியை விட்டுப் பார்த்தால் இயந்திரம் நிற்கவும் செய்கிறது. ஆனால் கை போய்ச் சேர்ந்த பிறகு நிற்கிறது. எந்த அலாரமும் இதைச் சொல்லாது. பிரஸ் மாதிரியான இயந்திரமாக இருந்தால் நிற்கும் நேரத்தை அளக்கும் கருவியோடு ஆண்டுக்கு ஒருமுறையாவது அளந்து, எண்ணைப் பேனல் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள். கையெழுத்து மட்டும் போட்ட சோதனை அட்டையை நான் நம்புவதில்லை.

அலாரம் வேண்டும் வேண்டும் என்று இவ்வளவு சொன்னதால், எல்லாவற்றுக்கும் அலாரம் வைத்துவிடுவதும் ஆபத்து. 1994 ஜூலையில் வேல்ஸில் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நடந்தது. வெடிப்பதற்கு முந்தைய பதினொரு நிமிடம்கூட முழுதாக இல்லாத நேரத்தில் இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் 275 அலாரம் வந்து கொட்டியது. இரண்டு மூன்று வினாடிக்கு ஒன்று. அதில் எதைப் படிப்பது, எதைப் புரிந்துகொள்வது? ஒருவர் நிதானமாகக் கையாள முடிந்தது சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு அலாரம் என்கிறது ஈஈஎம்யூஏ 191 வழிகாட்டி. பத்து நிமிடத்துக்கு ஒன்று! உங்கள் ஸ்காடா (ஆலையைக் கண்காணிக்கும் கணினி) திரையின் அலாரப் பட்டியலை இப்போதே போய்ப் பாருங்கள்.

சின்ன இயந்திரத்திலும் இதே வெள்ளம் வரும். காற்றழுத்தம் விழுந்தால் பதினைந்து சிலிண்டரும் நிற்கும், பதினைந்து ‘மூடவில்லை’ அலாரம் வரும். முதலில் வந்த காரணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றவற்றை அடக்குவதுதான் சரி. ‘காற்றழுத்தம் குறைவு’ என்ற ஒன்று மட்டும் திரையில் நிற்கட்டும். இன்னொன்றையும் பிரித்துவிடுங்கள்: பழுது வேறு, காத்திருப்பு வேறு. முந்தைய நிலையத்திலிருந்து பாகம் வரவில்லை என்பது அலாரம் இல்லை. சைரன் அடிக்க வேண்டாம். ‘காத்திருக்கிறது: உள்ளே வரும் பாகம்’ என்று ஒரு வரி போதும். ஆனால் அந்த ஒரு வரி கட்டாயம் வேண்டும். ஆபரேட்டர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் தெரியாத எதையும் அலாரம் என்று வைக்காதீர்கள். அதை வரலாற்றுப் பதிவில் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, புதிதாக வருபவைக்குப் போவோம்.

எனக்கு உண்மையிலேயே பிடித்தது ஐஓ-லிங்க், சென்சாரும் பிஎல்சியும் பேசிக்கொள்ளும் ஒரு முறை. படாடோபம் இல்லாத சங்கதி. அதே மூன்று ஒயர், 20 மீட்டர் வரை சாதாரண கேபிள், ஷீல்டு (மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) வேண்டாம். ஆனால் சென்சார் ‘உண்டு, இல்லை’ என்பதோடு நிற்காமல், ‘என் லென்ஸ் அழுக்காகிவிட்டது, ஒளி குறைகிறது’ என்றும் சொல்லும். அதைவிடப் பெரிய வசதி, சென்சார் போய்விட்டால் அதே வகையில் புதியதைச் செருகினால் போதும். பழைய சென்சாரின் அமைப்பை, அது இணையும் மாஸ்டர் பெட்டி தானாகவே புதியதற்குள் இறக்கிவிடும். ராத்திரி சென்சார் மாற்றுபவர் சின்ன பொத்தானை மூன்று வினாடி அழுத்திப் பிடித்து கற்றுக்கொடுக்கும் கூத்தெல்லாம் இல்லை. செயல்முறை ஆலைகளில் ஈதர்நெட்-ஏபிஎல் இதே வேலையை இரண்டு ஒயரில் 1000 மீட்டர் வரை செய்யப் பார்க்கிறது. என் அளவுகோலில் இரண்டுக்கும் முழு மதிப்பெண்.

தரவை மேலே அனுப்பும் கதை கொஞ்சம் கலவை. இயந்திரத் தரவை மற்ற கணினிகளுக்கு அனுப்பும் ஓபிசி யுஏ, எம்க்யூடிடி என்ற இரண்டு நெறிமுறைகளும் இனி கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை. எம்க்யூடிடி ஏதோ புது மேகக் கணினிக் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். 1999இல் எண்ணெய்க் குழாய்ப் பாதைகளை செயற்கைக்கோள் இணைப்பு வழியாகக் கண்காணிக்க எழுதப்பட்டது அது. அதனால்தான் அவ்வளவு சிக்கனம். இவற்றால் நல்லது உண்டு. ஆனால் முதல் ஆறு மாதம் டேஷ்போர்டில் வண்ண வண்ணமாக வரும் வரைபடங்களை மேலாளர்கள் பார்ப்பார்கள், அப்புறம் யாரும் பார்ப்பதில்லை. எதற்காக நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்ற இரண்டை மட்டும் படி எண்ணோடு ஒழுங்காகப் பதிவு செய்யுங்கள். அந்த ஒரு அட்டவணையை மாத இறுதியில் வரிசைப்படுத்தினால் அடுத்த மாத வேலை என்னவென்று அதுவே சொல்லும். மேலே சொன்ன பி12 சென்சார் அதில் முதல் இடத்தில் இருந்தால், இயந்திரக் கற்றல் எதுவும் தேவையில்லை; ஒரு நல்ல பிடிப்பான் வாங்கினால் போதும்.

இணைத்தால் கதவு திறக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். 2010இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் ஈரானின் அணு ஆலையைத் தாக்கியது. அதன் கொடூரம், மையவிலக்கிகளைக் கெடுத்தது மட்டும் இல்லை. கெடுத்துக்கொண்டிருக்கும்போதே பதிவு செய்து வைத்திருந்த பழைய நல்ல அளவுகளை ஆபரேட்டர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. திரை பொய் சொன்னது. 2017இல் சவூதி அரேபியாவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் பாதுகாப்புக் கன்ட்ரோலருக்குள்ளேயே ட்ரைட்டன் என்ற நிரலை நுழைத்தார்கள். கன்ட்ரோலரின் சாவி ‘புரொகிராம்’ நிலையில் விட்டு வைக்கப்பட்டிருந்தது. உள்ளே எதுவோ பொருந்தவில்லை என்று கண்ட கன்ட்ரோலர் ஆலையைப் பாதுகாப்பாக நிறுத்தியது. அது நின்றதால்தான் விஷயமே வெளியே வந்தது. 2023 நவம்பரில் அமெரிக்காவின் அலிக்விப்பா என்ற சிற்றூரின் குடிநீர் வாரியத்தில் ஒரு பிஎல்சியைப் பிடித்தார்கள். அந்த வகைக் கருவிகள் ஆலையிலிருந்து வரும்போதே ‘1111’ என்ற கடவுச்சொல்லோடு வருபவை, அப்படியே இணையத்திலும் தெரியும்படி இருந்தவை. தொழிற்சாலைக் கணினிகளின் இணையப் பாதுகாப்புத் தரநிலையான ஐஇசி 62443ஐ முழுதாகப் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை: சாவியை ‘ரன்’ நிலைக்குத் திருப்பி எடுத்துப் பையில் போடுங்கள், இயல்புக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், பிஎல்சியை நேராக இணையத்தில் விடாதீர்கள், தொலைவிலிருந்து பார்க்க வருபவருக்கு, கேட்கும்போது மட்டும் திறக்கும் ஒரு சாவி சுவிட்சைப் பேனலில் வையுங்கள். விண்டோஸ் 10இன் வழக்கமான பதிப்புகளுக்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. உங்கள் ஸ்காடா எதில் ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மெய்நிகர் பிஎல்சி. பெட்டி இல்லாமல், சர்வரில் மென்பொருளாக ஓடும் பிஎல்சி. லினக்ஸ் குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்க வைக்கும் ‘நிகழ்நேர’ பேட்ச் நெடுங்காலம் வெளியே இருந்து, 2024இல்தான் மூல நிரலோடு முழுதாகச் சேர்ந்தது. அதனால் தொழில்நுட்பம் கைகூடி வருகிறது, மறுக்கவில்லை. காப்பு எடுப்பதும் திரும்பப் போடுவதும் சுலபம். நூறு இயந்திரத்தின் புரொகிராமை ஒரே இடத்தில் பதிப்பெண்ணோடு வைத்துக்கொள்ளலாம். இது மட்டுமே பெரிய லாபம், ஏனென்றால் ‘கடைசிப் புரொகிராம் யாருடைய லேப்டாப்பில் இருக்கிறது’ என்பது இந்தத் தொழிலின் நிரந்தரப் புலம்பல். என் கேள்வி ஒன்றுதான்: அந்த சர்வர் நின்றால் எத்தனை இயந்திரம் நிற்கும், அதைத் திரும்ப எழுப்பத் தெரிந்தவர் ராத்திரியில் இருப்பாரா? பெட்டி பிஎல்சி போனால் ஒரு இயந்திரம்தான் போகும், ஸ்டோரிலிருந்து ஒன்றை எடுத்து மெமரி கார்டை மாற்றிவிடலாம். இதற்குப் பதில் இருக்கும் ஆலைகளுக்கு அது பொருந்தும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

செயற்கை நுண்ணறிவு எழுதும் ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டை நிறையவே பார்த்துவிட்டேன். பழைய இன்ஸ்ட்ரக்‌ஷன் லிஸ்ட் குவியலைக் கொடுத்து ‘இது என்ன செய்கிறது’ என்று கேட்டால் பிரமாதமாக விளக்குகிறது. குறிப்புரை எழுத, அலார வாசகங்களை ஒரே சீராக்க, சோதனைப் பட்டியல் போட நன்றாக உதவுகிறது. ஆனால் கிளாம்ப் நிலையத்துக்கு வரிசை எழுதித் தா என்று மட்டும் கேட்டால், பெரும்பாலும் சிலிண்டர் சொன்னபடி மூடும் என்று நம்பி எழுதுகிறது. காற்று இல்லாத காலை நேரம், நகர்ந்த ரீட் சுவிட்ச், பாதியில் கதவைத் திறந்த ஆபரேட்டர் இவர்களெல்லாம் நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும். சொன்னால் எழுதுகிறது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு நிரலுக்கு மட்டும் பக்கத்தில்கூட விடாதீர்கள்.

நிரலில் எதுவும் இல்லாமல், வாரத்துக்கு இரண்டு முறை காரணமே இல்லாமல் நிற்கும் இயந்திரங்கள் உண்டு. அங்கே மாறுவேக டிரைவைப் பாருங்கள். டிரைவின் மோட்டார் கேபிளும், மோட்டாரின் சுழற்சியை அளக்கும் என்கோடரின் கேபிளும் ஒரே தட்டில் ஒட்டிப் படுத்திருக்கும். மோட்டார் கேபிளின் ஷீல்டை நீள வாலாக முறுக்கி ஒரு ஸ்குரூவில் மாட்டியிருப்பார்கள். அந்த வால், உயர் அதிர்வெண் இரைச்சலுக்குக் கிட்டத்தட்ட அறுந்த ஒயர்தான். ஷீல்டைச் சுற்றிலும் உலோகப் பிடியால் பேனல் தகட்டோடு அழுத்த வேண்டும், தகட்டில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிட்டு. மோட்டார் பக்கமும் அதேபோல. சிக்னல் கேபிளைத் தள்ளி வையுங்கள், குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும். ‘பேய்ப் பழுது’ என்று பெயர் வாங்கியவற்றில் பெரும்பாலானவை இந்தச் சுரண்டலோடு ஓடிவிடும்.

கடைசியாக, புது இயந்திரம் வாங்கப் போகிறவர்களுக்கு. தயாரிப்பாளரின் இடத்தில் நடக்கும் ஏற்புச் சோதனையில் எல்லோரும் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு சுழற்சி நேரத்தைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நீங்கள் ஒரு சின்ன ஸ்குரூடிரைவரும், சென்சார் பட்டியலும் எடுத்துப் போங்கள். இயந்திரத்தை நிறுத்தி, ஒரு சென்சாரின் ஒயரைக் கழற்றுங்கள். ஓட்டச் சொல்லுங்கள். திரையில் என்ன வருகிறது, எத்தனை வினாடியில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டுங்கள், ரீசெட் செய்து நின்ற படியிலிருந்தே தொடர்கிறதா, இல்லை பாதி வேலையான பாகத்தைக் கையால் எடுக்க வேண்டுமா என்று பாருங்கள். அடுத்த சென்சார். அனலாக் சிக்னல் ஒவ்வொன்றையும் அறுத்துப் பாருங்கள். சுழற்சி நடுவே காற்றை மூடுங்கள். நடுவே மெயின் சுவிட்சை அணைத்துப் போடுங்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். நடுத்தர இயந்திரத்துக்கு ஒரு முழு நாள் ஆகும், தயாரிப்பாளரின் ஆட்கள் மதியத்துக்குள் உங்களை வெறுக்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் இந்தச் சோதனையையும், பேசாமல் நிற்கும் ஒவ்வொரு இடத்தையும் அவர்கள் செலவிலேயே சரிசெய்ய வேண்டும் என்பதையும், குறிப்புரையோடு கூடிய மூல நிரலைத் தர வேண்டும் என்பதையும் கொள்முதல் ஆணையிலேயே எழுதி, முன்பணம் கொடுப்பதற்கு முன் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இயந்திரம் உங்கள் தரையில் போல்ட் போட்டு இறங்கிய பிறகு கேட்டால் தனி விலை சொல்வார்கள்.